திரும்பிப் பார்க்காத பிரேம் அண்ணாச்சி

கதை கேட்காமல் கண்ணாடி போடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தார். ஊரே பிரேம் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. குடியிருந்தது அண்ணாச்சியின் கடை மாடியில்.

கல்யாணப் படம் கொண்டுபோனால், "பொண்ணு ஏன் உம்முன்னு நிக்கா? என்ன சங்கதி?" என்று விசாரிப்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால் பிரேம் கிடையாது. பதவி உயர்வுப் படத்தோடு வந்த இன்ஸ்பெக்டரையே, "தொப்பி கோணலா இருக்கு, போயி வேற எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவர்.

அண்ணாச்சியின் மாமனார் மாமியார் சேர்ந்து நின்ற படம் ஒன்று பிரேமுக்குள் அடங்கவில்லை. மாமியாரை வெட்டிவிட்டார். "மாமா தனியா நின்னாத்தான் எடுப்பா இருக்காரு" என்று விளக்கம் வேறு. அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கூமாப்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு படத்தைக் கொண்டுபோனேன். மில் நண்பர் லண்டனில் வாங்கி வந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஓவியர் ஒருவர் வரைந்த கிரேக்கப் புராணக் காட்சி. ஒரு பெண் கணவனைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவனோ கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைத் தள்ளுகிறான்.

"பொண்டாட்டி இம்புட்டுக் கெஞ்சுதா. இவனுக்கு என்ன வீம்பு?" என்றார் அண்ணாச்சி.

கதையைச் சொன்னேன். இறந்துபோன மனைவியை, பாட்டுப் பாடியே எமலோகத்திலிருந்து மீட்டு வருகிறான். பூமிக்கு வந்து சேரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

"பொறவு?"

"கடைசியில பாத்துட்டான் அண்ணாச்சி. அவ போயிட்டா."

படத்தைக் கீழே வைத்துவிட்டார். "அம்புட்டுத் தூரம் வந்தவன், இன்னும் செத்த நேரம் பொறுக்கப்படாதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அந்த வாரமே கூமாப்பட்டியிலிருந்து தகவல் வந்தது. மாமியார் மனசு இறங்கிவிட்டாராம், வந்து கூட்டிப்போகலாம். ஆனால் மதினி சொல்லியனுப்பியது வேறு: "இதுதான் கடைசி. இன்னொரு தடவை மதிக்காம நடந்தா, நான் வரவே மாட்டேன்."

அண்ணாச்சி மொபெட்டில் கிளம்பினார். கிளம்பும்போதே பக்கக் கண்ணாடியைக் கீழே மடக்கிவிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

சாயங்காலம் வந்து சேர்ந்தார். முதுகு விறைத்திருந்தது, பார்வை நேராக இருந்தது. பின்னால் ஒரு தேங்காய் மூட்டை மட்டும் இருந்தது.

"அண்ணாச்சி, மதினி எங்க?"

"பின்னால இருக்காள்ல?"

"மூட்டைதான் இருக்கு."

அப்போதும் திரும்பவில்லை. கையைப் பின்னால் விட்டுத் தடவினார். தேங்காய்தான் தட்டுப்பட்டது. பிறகுதான் திரும்பினார். "போச்சு. இனி வரமாட்டா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

வத்திராயிருப்பில் பெட்ரோல் போட நின்றபோது மதினி தண்ணீர் குடிக்க இறங்கியிருக்கிறார். இவர் முன்னால் பார்த்தபடியே, "ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கிளம்பியிருக்கிறார். மதினி கோபத்தில் வழியெல்லாம் பேசாமல்தான் வந்திருந்தார். மூட்டையின் பாரமும் இருந்ததால், ஆள் இல்லாதது அண்ணாச்சிக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் மினி பஸ்ஸிலிருந்து மதினி இறங்கினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பாக்காம வாறீக. அம்புட்டு இளக்காரமா நான்?"

"இல்லட்டி. திரும்பிப் பாத்தா நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்."

மதினி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை.

"வீடு வந்தாச்சு. இனி பாக்கலாம்" என்றார் மதினி.

அண்ணாச்சி பார்த்தார். அன்று அவரைக் கேலி செய்து சிரித்த தெருவில் நானும் நின்றேன். ஆனால் யாரையாவது இழந்துவிடுவோமோ என்று எனக்கும் அப்படி ஒரு பயம் வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது.