எட்டுக்கு ஏழு காட்டிய மெஷின்

மருந்து உடம்பின் எடைக்குத்தான். ஆளின் செல்வாக்குக்கு அல்ல. இந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் ஊர் சிரிக்க இடமாற்றம் வாங்கியவன் நான். வருத்தமா? துளியும் கிடையாது.

அப்போது குத்தாலம் பக்கத்தில் சுகாதார ஆய்வாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராக மாத்திரை கொடுக்கும் வேலை. ஒவ்வொருவருக்கும் எடை பார்த்து, அதற்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். (கையேடு எனக்கு மனப்பாடம். மேலதிகாரிகளே என்னிடம் சந்தேகம் கேட்கப் பயப்படுவார்கள், பதில் நீளும்.) அரசாங்க எடை மெஷின் சைக்கிள் கேரியரிலிருந்து வாய்க்காலில் விழுந்து உயிரை விட்டது. அதனால் மிராசுதாரின் களத்து மெஷினை இரவல் கேட்டேன்.

அந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. மிராசுதார் நெல் அளக்கும் மரக்காலில் ஏமாற்றுகிறார் என்று குத்தகைக்காரர்கள் கொடி பிடித்தார்கள். "இனிமே மெஷின்தான் பேசும்" என்று அவர் அதை வாங்கிப் போட்டு, குத்தகை நெல்லை அதில்தான் எடை போட்டு வாங்கினார். அன்று அவர் வெளியே போயிருந்தார். கணக்குப்பிள்ளை தயங்கித் தயங்கித் தந்தார்.

விதிப்படி முதலில் நானே ஏறினேன். நாற்பத்தெட்டு கிலோ ஆசாமிக்கு நாற்பத்திரண்டு காட்டியது. மெஷினைச் சந்தேகப்பட வேண்டியவன் மெஸ் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டேன். நாளை முதல் தினம் இரண்டு முட்டை என்று தீர்மானித்துக்கொண்டு வரிசையைக் கூப்பிட்டேன்.

குத்தகைக்காரர்களில் முன்னால் நின்று பேசும் அஞ்சலை ஏறி இறங்கினார். "இளைச்சுத்தான் போயிட்டேன் சார். போராட்டம்னா சும்மாவா?"

பாதி வரிசை முடிந்தபோது மிராசுதார் வந்து சேர்ந்தார். அவர் அப்பாவின் யானைக்காலை ஊரே பார்த்திருக்கிறது. இப்போது இவருக்கும் இடது கணுக்காலில் வீக்கம். மனிதர் முகத்தில் பயம் அப்பியிருந்தது. மெஷினில் ஏறினார். எழுபது.

"நான் எண்பது தம்பி. டவுன் டாக்டர் போன வாரம்தான் பார்த்தாரு. முழு அளவு குடுங்க."

"மெஷின் எழுபதுன்னுதாங்க சொல்லுது. அதுக்கு மேல குடுக்க விதி இல்லைங்க."

கெஞ்சினார். மிரட்டினார். மந்திரி பெயரைச் சொன்னார். நான் கையேட்டின் பத்தி எண்ணைச் சொன்னேன். மெஷின் தப்பு என்றால் அதன் சொந்தக்காரர் வாய்திறந்து சொல்லட்டும் என்றேன். (இன்னொரு பத்தி.)

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"அது எட்டுக்கு ஏழுதான்யா காட்டும். போதுமா? குடு மாத்திரைய."

அஞ்சலை தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க போட்ட நெல்லுங்க ஐயா?"

அந்த நேரத்தில் என் கவலை என்ன தெரியுமா? முன்னால் வாங்கியவர்களுக்கெல்லாம் மாத்திரை குறைந்துவிட்டதே! மிராசுதாருக்கு எண்பது கிலோவுக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், மெஷின் மாட்டுவண்டியில் ஏறிவிட்டது. கூட்டம் கோஷத்தோடு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டது. "பாக்கி மாத்திரை! பாக்கி மாத்திரை!" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடியவன் வண்டியையும் முந்திவிட்டேன்.

சுகாதார ஆய்வாளர் டப்பா தட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார் என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. கூடுதலாக வாங்கிய நெல்லெல்லாம் குத்தகைக்காரர்கள் வீட்டுக்குத் திரும்பியது. நான் பட்டுக்கோட்டைக்குப் போனேன்.

இப்போதும் ஆஸ்பத்திரியில் மெஷினில் ஏறச் சொன்னால், எடை சரிபார்த்து அரசாங்க முத்திரை எப்போது வைத்தது என்று கேட்காமல் ஏறமாட்டேன். நர்ஸ் முறைப்பார். என் மனைவி அவரிடம் குனிந்து சொல்வாள்:

"பதில் சொல்லிடும்மா. இவரு டப்பாவ எடுத்தா உன்னையும் பட்டுக்கோட்டைக்கு மாத்திடுவாங்க."

சொல்லட்டும். முத்திரையைக் காட்டும்வரை நான் தரையில்தான் நிற்பேன்.