பாயிண்டு அண்ணாச்சியின் தீவு

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் ஒருவன் கடலுக்காக ஏங்கினான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாகர்கோவிலில் பஸ் ஏறித் தெற்கே போனாலும் மேற்கே போனாலும் சற்று நேரத்தில் கடல் வந்து முன்னால் நிற்கும். கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த அத்தனை கடலையும் தள்ளிவிட்டு, படத்தில் பார்த்த ஒரு கடலுக்காக ஏழெட்டு வருஷம் தவம் கிடந்த மனிதரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். உலகத்தில் கிரெடிட் கார்டைக் கண்டுபிடித்ததே அவருக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊர் முழுக்க அவர் பாயிண்டு அண்ணாச்சி.

எங்கள் ஆபீஸ், டிராக்டரும் டிப்பரும் வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்கிற கம்பெனியின் நாகர்கோவில் கிளை. ஊருக்கெல்லாம் கடன் கொடுப்போமே தவிர, எங்களுக்குக் கடன் என்றால் குலை நடுங்கும். 2004 வாக்கில் டை கட்டிய ஒருவர் கிரெடிட் கார்டு விற்க வந்தபோது மேனேஜர் பாத்ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். கேஷியர் மேரி, "வேண்டாம் சாரே, எனக்க மாப்பிள கேட்டா வீட்ட விட்டு எறக்கிருவாரு" என்று கும்பிட்டாள். நான் ஒரு துக்க வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருப்பதாகச் சொல்லித் தப்பித்தேன். அண்ணாச்சி மட்டும் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிச் செய்துட்டிய?" என்று கேட்டேன்.

"பாவம் மக்கா, வெயில்ல வந்திருக்கான்லா."

கார்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. மற்றவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் உட்கார்ந்து படித்தார். பிறகு ஒரு நாள் மத்தியானம் என்னைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"மக்கா, இங்க வா. இதப் பாரு."

கடைசிப் பக்கத்தில் ஒரு படம். நீலமா பச்சையா என்று முடிவுகட்ட முடியாத தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் மரக்கால்கள் மேல் ஒரு வீடு. வீட்டின் தரையில் பாதி கண்ணாடி, கண்ணாடிக்கடியில் மீன்கள். வாசல்படி நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. கார்டைத் தேய்க்கத் தேய்க்க பாயிண்ட் சேருமாம். அதை ஒரு பெரிய ஹோட்டல் கம்பெனியின் உறுப்பினர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமாம். வேண்டிய அளவு சேர்ந்துவிட்டால் மாலத்தீவிலுள்ள இந்த வீட்டில் நாலு நாள் தங்கலாமாம்.

"எவ்வளவு குடுக்கணும்?"

"சும்மா."

அந்தச் 'சும்மா'வை அவர் சாமி பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து நாகர்கோவிலில் யாரும் நிம்மதியாகப் பணத்தை வெளியே எடுக்க முடியவில்லை. ஒருவர் பர்ஸைத் திறக்கும் ஓசை அண்ணாச்சிக்கு நாலு கடை தள்ளிக் கேட்கும். பாய்ந்து வருவார். "காசா குடுக்கப் போறிய? சவத்த எதுக்குக் கெடந்து எண்ணணும்? எனக்கிட்ட தாங்க, நான் கார்டுல தேய்க்கேன்." காசை வாங்கி அன்றைக்கே வங்கியில் கட்டிவிடுவார். ஒரு மாதம்கூட வட்டி கட்டியதில்லை. ஆனால் இது தெரியாதவர்களுக்கு அவரைப் பார்த்தால் பயம் வரும். ஒரு நகைக்கடை வாசலில் தாலிச்செயின் வாங்க வந்த ஒரு குடும்பத்தை இப்படித்தான் மறித்தார். காவலாளி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாருவே நீரு? மால அறுக்க வந்தீரா?"

"இல்ல அண்ணாச்சி, மாலத்தீவுக்குப் போகதுக்கு வந்தேன்."

மேனேஜர் போய்த்தான் மீட்டுக்கொண்டு வந்தார்.

என் கல்யாணத்தின் முகூர்த்தப் பட்டு அவர் கார்டில் எடுத்தது. மண்டபத்துக்கும் மாப்பிள்ளையான எனக்கு முன்பே வந்து, கார்டு மிஷின் உண்டா என்று விசாரித்துவிட்டு, இல்லை என்றதும் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் அவரை என்னுடைய கோபக்கார மாமா என்று நினைத்து ரெண்டு தடவை காப்பி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். துக்க வீடுகளிலும் விட மாட்டார். உண்மையாகவே அழுவார், அதில் பொய் கிடையாது. அழுது கண்ணைத் துடைத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, "கார்டு எடுப்பியளா?" என்று கேட்பார்.

கார்டு மட்டும் போதாது. அந்த ஹோட்டல் கம்பெனியில் அடிக்கடி தங்கினால் வெள்ளி உறுப்பினர், அதற்கும் மேலே போனால் தங்க உறுப்பினர். தங்கமானால் காலை டிபன் இலவசம், அறையும் ஒரு படி உசத்தி. கம்பெனியின் ஹோட்டல் பக்கத்தில் இருந்தது திருவனந்தபுரத்தில்தான். மழைக்காலத்தில் வாடகை குறையும்போதெல்லாம் அண்ணாச்சி தன் மனைவியை, அதாவது எங்கள் மதினியை, கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்குவார். தூக்குவாளியில் புளிச்சோறும் துவையலும் கூடவே போகும். மதினி பூதப்பாண்டிப் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி. அவருக்கு இது விளங்கவே இல்லை.

"தம்பி, நீங்களாவது சொல்லப்பிடாதா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "கெடந்து ஒறங்கதுக்கு இங்க கட்டில் இல்லியா? அங்க போயி, வெளிய பெய்ய மழைய சன்னல் வழியா பாத்துக்கிட்டு, கட்டுச்சோறு தின்னுட்டு வாறோம். மழ இங்கயும் பெய்யுகுல்லா?"

ஒரு நாள் அண்ணாச்சி தங்கமானார். வரவேற்புக் கடிதத்தோடு ஹோட்டலில் ஒரு தட்டு நிறையப் பழம் வைத்திருந்தார்களாம். சாப்பிடாமல் அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள். பிரசாதம் வாங்குவதுபோல மேனேஜர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

ஆனால் அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மத்தியான வேளைதான். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, ஃபேன் காற்றில் எல்லோருக்கும் கண் சொருகும். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து தொடங்குவார்.

"காலம்பற எழும்புகோம். ஒரு சத்தம் கெடையாது. கதவத் தொறந்தா தண்ணி. கண்ணாடி மாதிரி தண்ணி. படியில எறங்கி கால வச்சா, இளஞ்சூடு. பால் பாத்திரத்துக்கு வெளியில தொட்டுப் பாப்பமே, அந்தச் சூடு. ஒரு சின்ன மீனு வந்து பெருவெரல முத்திட்டுப் போவுது…"

"என்ன மீனு அண்ணாச்சி?" என்பாள் மேரி. அவள் இனயத்து மீனவர் வீட்டுப் பெண்.

"மஞ்சள்ல கறுப்புக் கோடு."

"அத பொரிக்க ஒக்காது."

"பொரிக்கதுக்கு இல்ல மேரி. பாக்கதுக்கு."

மேரி கொஞ்ச நேரம் யோசிப்பாள். மீன் பார்ப்பதற்கு என்பது அவள் குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத விஷயம். பிறகு அவளும் கண்ணை மூடிக்கொள்வாள். அண்ணாச்சியின் குரல் மெதுவாக எங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோகும். தென்னைகள் தண்ணீருக்கு மேல் சாய்ந்திருக்கும். சாயந்திரம் மரப்பாலத்தில் ஒவ்வொரு விளக்காக எரியும். நிலா வந்ததும் தரைக் கண்ணாடிக்கடியில் மணல் வெள்ளையாகத் தெரியும். ஒரு டிப்பர் கடன்காரர் வந்து கவுண்டரைத் தட்டும்வரை நாங்கள் யாரும் நாகர்கோவிலில் இருக்க மாட்டோம். சில நாள் அந்தக் கடன்காரரும் சத்தம் போடாமல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தவணையைக் கட்டினார்.

இப்படி வருஷங்கள் ஓடின. இன்னும் ஒரு வருஷம் போனால் சேர்ந்துவிடும் என்ற நிலையில் ஹோட்டல் கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் அந்த மரவீட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்புப் பாயிண்ட் வேண்டும். அதற்குள் பதிவு செய்தால் மட்டும் பழைய கணக்கு. அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மத்தியானம் தீவும் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றியது.

"விடுங்க அண்ணாச்சி, இங்க முட்டத்துல இல்லாத கடலா?" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார். "சார், அவளக் கெட்டி இருவத்தியாறு வருசமாச்சு. பிள்ள குட்டி இல்ல. கோயிலு, டாக்டரு, கோயிலு, டாக்டருன்னு அலைஞ்சதுதான் நாங்க போன ஊரெல்லாம். ஒண்ணும் கேக்காம, ஒண்ணும் வேண்டாம போற ஒரு இடத்துக்கு அவளக் கூட்டிட்டுப் போணும். அவ்வளவுதான்."

மேரிதான் எழுந்து போய் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் முழுக்க அண்ணாச்சியின் கார்டில் பொருள் வாங்கியது. நான் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மனைவியிடம் பழையதில் ஏதோ வாடை வருகிறது என்று சொன்னேன். மேனேஜர் மாமியாருக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்ததில், அந்த அம்மாளுக்கு அவர்மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. ஆனால் காரியத்தை முடித்தது மேரியின் அண்ணன். அவருக்கு இனயத்தில் சொந்தப் படகு. எஞ்சின் மாற்றப் பணம் சேர்த்து வைத்திருந்தார். மீன்வாடை வீசும் பையில் பணத்தோடு வந்து, கடையில் அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். எஞ்சின் விலையில் பாதிக்குத்தான் கார்டுக்குத் தைரியம் இருந்தது. அது போதுமாயிருந்தது.

மதினியும் அன்று கூட வந்திருந்தார். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில்கூட கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவிடாதவர் அவர். "எனக்குக் கடல்னாலே பயமாக்கும்" என்று மெல்லச் சொன்னார்.

மேரியின் அண்ணன் சிரித்தார். "நாங்க தொழிலுக்குப் போம்ப அந்தத் தீவுக்க வெளக்கு தூரத்துல தெரியும். அது நம்ம கடல் மாதிரி இல்லக்கா. உள்ள அலையே கெடையாது. சும்மா கெடக்கும். தைரியமாப் போங்க."

பாயிண்ட் எல்லாம் கணக்கில் ஏறியது மாதத்தின் கடைசி நாளில். மின்வெட்டு உச்சத்திலிருந்த காலம் அது. மத்தியான இடைவேளையில் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஆபீசே கூடி நின்றது. அண்ணாச்சி பெயர், தேதி எல்லாம் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பட்டனை அமுக்கினார். கரண்டு போய்விட்டது.

"போயிட்டா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டு."

"நான் அமுக்கினப்புறமா? அதுக்கு முன்னயா?"

யாருக்கும் தெரியவில்லை. கரண்டு திரும்பும்வரை அத்தனை பேரும் அங்கேயே இருந்தோம். அண்ணாச்சி நாற்காலியை விட்டு அசையவில்லை. கை மவுஸ் மேலேயே இருந்தது. ஆபீசைப் பார்த்துக்கொண்டது வாட்ச்மேன் மட்டும்தான். விளக்கு எரிந்து, கம்ப்யூட்டர் நிதானமாக உயிர்பெற்று, மெயில் திறந்தபோது மேலே ஒரு வரி இருந்தது: உங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம். மேரி குருசு வரைந்துகொண்டாள். மேனேஜர் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தார்.

போய்விட்டு வந்தார்கள். முதல் நாள் மத்தியானம் டப்பாக்களைத் திறக்காமல் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"போட்டுல போம்ப சத்தி எடுத்தேன்" என்று ஆரம்பித்தார். கரை சேரும்வரை வாந்தியாம். வரவேற்க நின்றவர்கள் தங்க உறுப்பினரைக் கைத்தாங்கலாக இறக்கியிருக்கிறார்கள். மணல் சுட்டதாம். காலை டிபன் மட்டும்தான் இலவசம் என்பதால் கடையைச் சாத்தும்வரை உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். மற்ற வேளைக்குக் கொண்டுபோன அவலும் முறுக்கும். தரைக் கண்ணாடியை மதினி முதல் வேலையாகக் குளிக்கிற துண்டை, துவர்த்தை, விரித்து மூடிவிட்டார். "கீழ கெடந்து மீனெல்லாம் பாக்குல்லா, நான் எப்பிடி துணி மாத்துவேன்?"

"அப்ப கடலு?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாம் நாளு காலம்பற எழும்பிப் பாத்தா ஆளக் காணல. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். படிக்குக் கீழ, தண்ணியில தல மட்டும் தெரியுது. நைட்டியோட நீந்துகா மக்கா! சின்னப்பிள்ளையில ஊருக் குளத்துல நீந்தினவளாம். எனக்கிட்ட சொன்னதே இல்ல. 'இஞ்சேருங்க, இது எங்க ஊருக் குளம் மாதிரியில்லா கெடக்கு'ங்கா. மல்லாந்து கெடக்கா. சிரிக்கா. நாலு நாளும் அவளக் கரையேத்த முடியல. நான் படியில இருந்து துவர்த்தப் பிடிச்சுக்கிட்டுக் காவல் இருந்தேன்."

"நீங்க எறங்கலியா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுல்லா."

இத்தனை வருஷத்தில் இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதோடு கதை தீர்ந்துவிட்டது. சில வாரங்கள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டோம், கை கழுவினோம், வேலையைப் பார்த்தோம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் மேரிதான் கேட்டாள். "அண்ணாச்சி, நீங்க போன தீவு வேண்டாம். பழைய தீவச் சொல்லுங்க."

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். "காலம்பற எழும்புகோம். ஒரு சத்தம் கெடையாது…" எல்லாம் பழையபடியே வந்தது. சத்தியும் சுடுமணலும் அதில் இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர், பெருவிரலை முத்தும் மீன், சாய்ந்த தென்னை. ஆனால் இப்போது தண்ணீரில் ஒரு பெண்ணும் இருந்தாள். வெகுதூரம் நீந்திப்போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணாச்சி ஓய்வுபெற்றுச் சில வருஷம் ஆகிறது. போன மாதம் போன் செய்தார். இப்போது பனிமலையாம். வேறு கார்டு, வேறு ஹோட்டல். பாயிண்ட் பாதி சேர்ந்துவிட்டதாம்.

"ரெண்டு பேருக்குள்ள ரூமுதான் மக்கா. ஆனா ஒனக்கு ஒரு கட்டில் கூடப் போட்டுத் தாங்கன்னு கேட்டிருக்கேன். இங்கயும் நான் தங்கமாயாச்சு. தங்க உறுப்பினர் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான். மதினியும் சொல்லியாச்சு, நீ இல்லாம போகண்டாம்னு."

நாகர்கோவிலில் கம்பளிச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.