ஆட்சேபணை சாரும் ஆஸ்பிரினும்

காரைக்காலில் இதுவரை யார் யாரோ கோபப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கோபப்படுவதை ஒரு முழுநேர வேலையாக, லீவு போடாமல் செய்த ஒரே மனிதர் எங்கள் ஆட்சேபணை சார்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். அலுவலகக் கூட்டம் எதுவானாலும், மேலதிகாரி வாயைத் திறந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குங்க." வணக்கத்துக்கே ஆட்சேபணையா என்று அதிகாரிகள் நடுங்குவார்கள்.

அவருடைய பணி ஓய்வு விழாவில் பேச வந்த அதிகாரி, சம்பிரதாயத்துக்காக, "சார் மிகவும் சாந்தமானவர்" என்று சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "முப்பது வருஷமா உங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டிருக்கேன். அத்தனையும் கணக்குல இல்லாம போச்சா? போற அன்னைக்காவது உண்மையைச் சொல்லி அனுப்புங்க." அதிகாரி திருத்திச் சொன்ன பிறகுதான் சால்வையை வாங்கிக்கொண்டார்.

புதுச்சேரிக்குப் பஸ்ஸில் அவரோடு போவது தனி வேதனை. பூவம் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பலகை வரும். உடனே ஆரம்பித்துவிடுவார். "நான் என் தலைநகருக்குத்தானே போறேன் தம்பி? சொந்த வீட்டுல கூடத்துலேருந்து அடுக்களைக்குப் போறவனைப் பார்த்து எவனாவது நன்றி, மீண்டும் வருகன்னு சொல்லுவானா?" நடுவில் தமிழ்நாடு இருக்கிறதே சார் என்று யாராவது சொன்னால், சிதம்பரம் வரைக்கும் அதற்குப் பதில் வரும்.

நானும் அவரும் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள், இப்போது ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். அதனால் அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது பக்கத்தில் இருக்கும் பாக்கியம் எனக்கே கிடைத்தது. கடற்கரைச் சாலையில் மாலை நடை. திடீரென்று நின்று, ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"சார், நெஞ்சு வலியா?"

"நெஞ்சு வலின்னா இடது பக்கம்ல வலிக்கணும்? இது நடுவுல வலிக்குது. அதனால இது அது இல்ல."

ஆட்டோவில் ஏற்றும்போதும் வலி இருக்கும் இடத்தைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் வந்தார். நடுவில்தான் பெரும்பாலும் வலிக்கும் என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னதும், இத்தனை நாள் ஊரில் எல்லோரும் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஊர்மேலேயே கோபம் வந்துவிட்டது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து, மூன்று அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். நாள் குறித்து, ஊருக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். கூடவே ஒரு உத்தரவு. ரத்தத்தை நீர்க்க வைக்க அவர் இரண்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்றான ஆஸ்பிரினை மட்டும் நிறுத்தாமல் சாப்பிட்டு வர வேண்டும்.

ஆஸ்பிரின் அவருக்குப் பழைய சிநேகிதம். சில வருடங்களுக்கு முன் லேசாக ஒரு தொந்தரவு வந்தபோது எங்கள் டாக்டர், "இதை ஒரு நாளும் விடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தது. உலகத்தில் அவர் ஆட்சேபணை இல்லாமல் விழுங்கிய ஒரே பொருள் அதுதான்.

வினை காதர் பாய் உருவத்தில் வந்தது. தெருமுனையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வெகு காலத்துக்கு முன்பே பைபாஸ் செய்துகொண்டவர், தங்கமான மனிதர். நலம் விசாரிக்க வந்தவர் காபியைக் குடித்துக்கொண்டே, "ஆஸ்பிரினை நிறுத்திட்டீங்கள்ல சார்? எனக்கெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. இல்லாட்டி ரத்தம் நிக்காதாம். அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார்.

ஆட்சேபணை சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு நிறுத்தச் சொல்லிருக்கான், எனக்கு நிறுத்தாதேங்கிறான். உங்க ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா பாய்?"

"எனக்கு என்ன சார் தெரியும்? சொன்னதைச் செஞ்சேன், இருக்கேன்."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தெருவே மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நிறுத்து என்றார். கும்பகோணத்திலிருந்து மைத்துனர் போன் போட்டு நிறுத்தாதே என்றார். காய்கறி வண்டிக்காரர் பாதி மாத்திரையாகப் போடச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரு மனிதனின் மார்பைப் பிளக்கப் போகிறார்கள், இவர்கள் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே முடிவு சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சரோஜா அக்கா, அவருடைய மனைவி. 'ரத்தம் நிக்காது' என்ற இரண்டு சொற்கள் மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டன. மறுநாள் இட்லி சாப்பிட்டு முடித்துக் கையை நீட்டிய சாரின் உள்ளங்கையில் மற்ற மாத்திரைகள் விழுந்தன. ஆஸ்பிரின் விழவில்லை. அட்டை தீர்ந்துபோச்சு, வாங்கணும் என்றார் அக்கா. அடுத்த நாள், கடை மூடியிருந்தது என்றார். இரண்டு நாளாக அந்த அட்டை அரிசி டப்பாவுக்குள் இருந்தது. உண்மை தெரிந்ததும் சார் போட்ட சத்தத்தில் நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா சமைச்சுப் போட்டவ, என் மாத்திரையைத் திருடி அரிசிக்குள்ள வச்சிருக்கா தம்பி."

அக்கா அழவில்லை, அவரும் கோபமாகத்தான் இருந்தார். "ரத்தம் நிக்காம நீங்க படுத்துக் கிடந்தா, அப்ப யாருகிட்ட போய் ஆட்சேபணை சொல்லுவேன் நான்?"

சார் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளம்புங்க. அந்தப் புதுச்சேரி டாக்டரையே கேட்டுடுவோம்."

மூன்று பேரும் கார் பிடித்துப் போனோம். பூவம் பலகையைத் தாண்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அறுவை நிபுணர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். "பாய் சொன்னதும் பொய் இல்லீங்க. முன்னாடி ரத்தப்போக்குக்குப் பயந்து பெரும்பாலும் எல்லாருக்கும் நிறுத்தினோம். இப்போ, இதை விடாம சாப்பிடறதுல நிறையப் பேருக்கு நல்லதுதான் அதிகம்னு தொடரச் சொல்றோம். உங்களோட இன்னொரு மாத்திரைதான் ரத்தப்போக்கை அதிகமாக்கும், அதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். சிலருக்கு ரெண்டையும் நிறுத்துவோம். ஆளுக்கு ஆள் மாறும். இன்னைக்கே ஆஸ்பிரினைத் திரும்ப ஆரம்பிச்சுடுங்க."

அக்கா மெதுவாக மூச்சுவிட்டார். சார் விடவில்லை.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குங்க. இதை இதே மாதிரி முதல் நாளே இவளையும் உட்கார வச்சுச் சொல்லியிருந்தா, மாத்திரை அரிசி டப்பாவுக்குப் போயிருக்குமா? என்கிட்ட என்ன சொன்னீங்க? இதை நிறுத்து, அதைச் சாப்பிடு. ஏன்னு சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"நியாயம்தாங்க" என்றார் டாக்டர். சாருடைய வாழ்நாளில் எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்ட முதல் ஆட்சேபணை அது. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சேர்த்தோம். பக்கத்துப் படுக்கையில் மண்டபத்தூரிலிருந்து வந்த கலியமூர்த்தி. கடலில் வலை போட்டுக் காய்ப்பேறிய கைகள். அவருக்கும் பைபாஸ். சார் சும்மா இருப்பாரா? விசாரணையை ஆரம்பித்தார்.

"ஆஸ்பிரின் போடுறீங்களா, விட்டுட்டீங்களா?"

"எல்லாத்தையும் நிப்பாட்டி அஞ்சு நாளாச்சுங்க. மருமவந்தான் டாக்டருகிட்ட கேட்டுகிட்டு வந்துச்சு. மாத்திரையை நிறுத்தணும்னுச்சு. நிறுத்திப்புட்டேன்."

"எல்லாத்தையும்னா? பிரஷர் மாத்திரை?"

"அதுவுந்தான்."

"சுகர் மாத்திரை?"

"எல்லாம் மாத்திரைதானேங்க?"

"நர்ஸ் கேக்கலையா?"

"சொன்னபடி செஞ்சியளான்னு கேட்டாங்க. செஞ்சேன்னேன்."

அதன் பிறகு அந்த வார்டு கண்ட காட்சியை அங்கே வேலை பார்ப்பவர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள். மறுநாள் நெஞ்சைத் திறக்கப்போகும் மனிதர், லுங்கியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் நடுவில் நின்று முழங்கினார். "ஒரு மனுஷன் அஞ்சு நாளா பிரஷர் மாத்திரை போடலை. உங்க யாருக்கும் தெரியலை. நீங்க சொன்னது ஒண்ணு, அவருக்குப் புரிஞ்சது ஒண்ணு. புரிஞ்சுதான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். சாரைப் படுக்க வைக்க இரண்டு பேர், கலியமூர்த்தியின் கையில் பட்டை கட்டிப் பார்க்க ஒருவர். பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருந்தது, சர்க்கரையும் அப்படியே. அந்தச் சின்ன வயசு நிபுணர் வந்தார். கலியமூர்த்தியின் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். இந்த முறை படுக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகனையும் வரவழைத்து, எந்த மாத்திரை எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

மறுநாள் சாருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ரத்தமும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கலியமூர்த்திக்கும் சில நாள் கழித்து நல்லபடி முடிந்ததாகச் செய்தி வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் டாக்டர் அந்தத் தவறைச் செய்தார். "கொஞ்ச நாளைக்குக் கோபப்படாம இருங்க" என்றார். காரணத்தையும் விளக்கமாகச் சொல்லித் தொலைத்தார். காரணம் சொன்னால் சார் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டார். நாள் முழுக்க நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பால் பாக்கெட் தாமதமாக வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் குப்பை தேங்கியது, எட்டிப் பார்க்கவில்லை. காதர் பாய் வந்து இன்னும் இரண்டு வைத்தியம் சொன்னார். அதற்கும் தலையாட்டினார்.

சில வாரம் போனது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சரோஜா அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். "இப்ப சாதாரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. இவருதான் பேசவே மாட்டேங்கிறாரு. வீடு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க கொஞ்சம் உள்ள வந்து சண்டை போடுங்களேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில், "சார், நம்ம ஊரு கடற்கரையைவிட தரங்கம்பாடி கடற்கரைதான் அழகு" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். உதடு துடித்தது. "எந்த விதத்துல அழகுங்கிறீங்க?"

ஒரு மணி நேரம். அக்கா இரண்டு தடவை காபி கொண்டுவந்தார். கிளம்பும்போது சார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வாங்க தம்பி. இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கு" என்றார்.

தரங்கம்பாடியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் மறுநாள் வெயில் தாழும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.