கப்பல் பாய் கட்டிய கேலி

உலகத்தில் உள்ள தச்சர்கள் எல்லோரும் வீடு அசையாமல் நிற்கும் என்று நம்பித்தான் அலமாரி செய்கிறார்கள். அதை நம்பாத ஒரே தச்சர் எங்கள் கப்பல் பாய். அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், ராயபுரத்தில் யாரும் கேட்டதில்லை. காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல்களுக்குள் மரவேலை பார்த்துவிட்டு, வயதான பிறகு வண்ணாரப்பேட்டையில் பட்டறை போட்டவர். கட்டில் செய்யச் சொன்னால் நங்கூரமும் சேர்த்துத் தருவார் என்று சொல்வார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மனைவி பிலோமினாவின் முட்டி வலியால். தரையில் உட்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பாதியில் மீன் போயிற்று. இரண்டாம் பாதியில் ஜெபம் போயிற்று.

தரையில் உட்கார்ந்து அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் ஆய்ந்தே பழகியவள் அவள். நின்றுகொண்டு கத்தியால் வெட்டிப் பார்த்தாள், விரல்தான் வெட்டுப்பட்டது. மார்க்கெட்டிலேயே வெட்டி வாங்கி வந்தேன். "செதிலு பாதி அப்டியே கீது, யாரு தின்றது இத?" என்று மூடி வைத்துவிட்டாள். இரண்டு வாரம் சாம்பார் ஓடியது. ஒருநாள் அருவாமனையைத் துடைத்து, பரண்மேல் போடச் சொன்னாள். சொன்ன குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

பாய் எங்கள் சமையலறை வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க கேலி ரொம்ப சின்னதா கீதும்மா."

பிலோமினாவின் முகம் மாறியது. "நான் யாரையும் கேலி பண்ணலண்ணே. நீங்கதான் வந்தோன்ன ஆரம்பிச்சிட்டீங்க."

"அந்தக் கேலி இல்லம்மா. சமைக்கிற எடம். கப்பல்ல அதான் பேரு."

"இது கப்பலு இல்ல, வூடு."

"ரெண்டும் ஆடும்" என்றார் பாய்.

எங்கள் தெரு வழியாகத்தான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் போகும். அந்த நேரம் பார்த்து ஒன்று போனது. செல்ஃபில் இருந்த கடுகு டப்பா மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, பாயின் காலடியில் விழுந்து திறந்துகொண்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆடிச்சா?"

முதல் நாள் அவர் டேப்பையே எடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் ரசம் வைக்கச் சொன்னார். நான் வேலை முடிந்து வரும்போது பிலோமினா வெறும் பாத்திரத்தில் வெறும் கையால் எதையோ போட்டுக்கொண்டிருக்கிறாள். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் காலடி படும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போடுகிறார்.

"உப்பு போட்டியாம்மா?"

"ஐயோ, மறந்துட்டேண்ணே."

"அப்ப மொதல்லேந்து வெய்யி."

கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "ஒரு ரசத்துக்கு இருபத்திரெண்டு தபா திரும்புற. முட்டி பேஜாரு ஆவாம இன்னா ஆவும்?"

மறுநாள் காலை தெருவில் நின்றபடி, மாடியில் இருந்த என்னைப் பார்த்துக் கத்தினார். "நைனா, உங்கூட்டம்மாவுக்கு எத்தினி டிராயர் வேணும்?"

இழுப்பறையைத்தான் கேட்கிறார். எங்கள் பக்கம் டிராயர் என்றால் அரைக்கால் சட்டை. எதிர்வரிசை ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. நானும் யோசிக்காமல், "நாலு போதும் பாய்" என்று கத்தினேன். "தொவச்சி மாத்திக்க நாலு பத்துமா?" என்று எதிர்வீட்டுக்காரர் அக்கறையாக விசாரித்தார். பிலோமினா ஒரு வாரம் மாடியில் துணி காயப்போடவில்லை.

டிராயர்கள் வந்தன. ஓட்டை போட்ட டிராயரில் வெங்காயம். மேடைக்குக் கீழே, சாய்த்தால் வாய் திறக்கிற அரிசிப் பெட்டி. நின்ற இடத்தில் கை நீட்டினால் மசாலா. எல்லாச் செல்ஃபுக்கும் விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குத் தடுப்புக் கட்டை. அருவாமனைக்கு இடுப்பு உயரத்தில், இழுத்தால் வெளியே வரும் பலகை. காலுக்குப் பதிலாக அருவாமனையைப் பிடித்துக்கொள்ள இரண்டு திருகாணி. பலகை சிங்க் பக்கம்தான் வரவேண்டும். அங்கே இருந்த ஒரே சுவரில் என் அப்பா காலத்திலிருந்து மாதா சுரூபம் இருக்கிறது.

"மீன் கவுச்சி மாதா மேல படக் கூடாது பாய். மாதாவ எடம் மாத்தவும் முடியாது. பலகை வேணாம்" என்றேன்.

பிலோமினா பலகையை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மாதாவைக் காட்டினார். "நைனா, அவுங்க புள்ள கூட சுத்துனவங்கள்ல பாதிப் பேரு இன்னா தொழிலு?"

"மீன் புடிக்கிறது."

"வூட்டாண்ட வந்து போவ சொல்ல, கவுச்சி இல்லாமயா வந்துருப்பாங்க? மர்யமம்மா மூக்கப் பொத்திக்கினா நின்னாங்க?"

நாற்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. சொன்னவர் தச்சர் வேறு. மாதா முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை நானே எடுத்து ஓரமாக வைத்தேன்.

பாய் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு வந்தார். 'பிஸ்மில்லா' சொல்லி இரண்டு கையாலும் மாதாவைத் தூக்கினார். பிலோமினாவைப் பலகை முன்னால் நிற்கவைத்து, அவள் கண்ணுக்கு நேராகச் சுவரில் பீடம் அடித்து அமர்த்தினார். அதற்கும் இரண்டு விரல் தடுப்பு.

"மாதாவுக்கு எதுக்கு பாய் தடுப்பு?"

"அவுங்க யாருன்னு லாரிக்குத் தெரியுமா?"

சனிக்கிழமை சங்கரா மீன் வாங்கி வந்தேன், பாயையும் கூப்பிட்டிருந்தேன். பிலோமினா நின்றபடி ஆய்ந்தாள். கை மீனில், கண் மாதாவிடம், உதடு அசைந்துகொண்டே இருந்தது. லாரி போனது. வீடே அதிர்ந்தது. ஒரு டப்பாகூட விழவில்லை. பாய் மட்டும் காலை அகட்டி, மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி கடல் பாத்திருக்கீங்க பாய்?"

"நான் எங்க போனேன்? கட்டிப் போட்ட கப்பல்லதான் வேலை. ஒரே ஒரு தபா காசிமேட்டுல போட்ல ஏறுனேன். கரை கண்ணுல தெரிய சொல்லவே வாந்தி."

இப்போது எங்கள் வீட்டில் சமையலறைக்குக் கேலி என்றுதான் பெயர். "அவ கேலியில கீறா" என்று சொன்னால் விருந்தாளிகள் முழிக்கிறார்கள். மீன் ஆயும் நாளில் ஜெபமாலையும் அங்கேயேதான். அவள் முன்னால் சொல்ல, நான் வாசலில் நின்று பதில் சொல்வேன். கடைசியில் கடலில் இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அதில் கப்பல் பாயையும் சேர்த்துவிட்டாள்.

"அவுரு கரையிலதானே கீறாரு" என்றேன் ஒருநாள்.

"அது உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். அவுருக்குத் தெரியுமா? நீ சொல்லு."

சொன்னேன், வண்ணாரப்பேட்டை வரை கேட்கிற மாதிரி.