டவுசர் சாரின் பாறைச் சோதனை

புதுக்கோட்டை மாவட்டத்தில் டவுசர் சார் உட்கார்ந்து வழுக்காத பாறை கிடையாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் பக்கத்துப் பொட்டல், இன்னும் யாரும் பெயர் வைக்காத கரடுகள் என்று எல்லா இடத்திலும் அவருடைய பின்பக்கம் பதிந்திருக்கிறது. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் யாராவது இங்கே வந்து, ஒரு பாறையில் வழவழவென்று பள்ளத்தைப் பார்த்துச் சமணர் படுக்கை என்று எழுதப் போனால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அது சமணர் படுத்த இடமாக இருக்காது. எங்கள் சார் உட்கார்ந்த இடமாக இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. பகலில் அவர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. நெற்றியில் திருநீறு, இன் பண்ணிய சட்டை, இஸ்திரி கலையாத பேன்ட். சாயங்காலம் வீட்டுக்குள் போய் வெளியே வந்தால் டவுசர், ஹெல்மெட், மலைப் பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள். எதிர்வீட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நான்தான் இந்த அவதாரத்தைத் தினமும் முதலில் தரிசிப்பவன்.

அந்த சைக்கிளை அவருடைய ஒரே மகள் தேன்மொழி, ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். சாருக்கு சர்க்கரை வந்திருந்தது. "ரோட்ல ஓட்டாதீங்கப்பா, லாரிக்காரன் கண்ணு தெரியாம வாரான். மலைப் பக்கமா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சார் மகள் சொல்லைத் தட்டாதவர். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நார்த்தாமலைக் கரடுமுரடில் போய் இறங்கினார். திரும்பி வந்தவரால் அந்த வாரம் முழுவதும் உட்கார முடியவில்லை. ஆபீஸில் நின்றுகொண்டே ஃபைல் பார்த்தார். மேலதிகாரி வந்து பார்த்து, தனக்காகத்தான் எழுந்து நிற்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்து போனார்.

அந்த வாரத்தில்தான் சாருக்கு ஞானம் பிறந்தது.

"சைக்கிளை எல்லாரும் பாத்துப் பாத்து வாங்குறான் தம்பி. கியரு எப்புடி, பிரேக்கு எப்புடின்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்குறான். அது மேல உக்கார்றவன் நெலமைய ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்!"

அதன் பிறகு அவர் பேச்சில் டவுசரைத் தவிர வேறு எதுவும் இல்லை. உள்ளே பஞ்சு வைத்து இறுக்கமாக ஒன்று, மேலே முரட்டுத் துணியில் தளர்வாக ஒன்று. குனிந்தால் இடுப்பில் வெட்டக் கூடாது. மிதித்தால் முட்டியில் தடுக்கக் கூடாது. உட்காரும் இடத்தில் தையல் வந்தால் அதைத் தைத்தவனுக்கு நரகம். பாக்கெட்டுக்கு ஜிப் வேண்டும், அந்த பாக்கெட் மட்டும் மற்ற இடத்தைவிட அழுத்தமாகத் தைத்திருக்க வேண்டும். துக்க வீட்டில் போய் உட்கார்ந்தால்கூட, பேச்சு எப்படியோ சுற்றி வளைத்து டவுசரில் வந்து நின்றுவிடும்.

டவுசர் வாங்கப் போகும்போது ஒரு மஞ்சள் பை எடுத்துக்கொள்வார். அதற்குள் சைக்கிளில் இருந்து கழற்றிய சீட் இருக்கும். கடையில் புது டவுசரை மாட்டிக்கொண்டு வந்து, ஒரு ஸ்டூல் மேல் சீட்டை வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, காற்றில் பெடல் மிதிப்பார். முதல் தடவை நானும் கூட இருந்தேன். கடைப் பெண் பதறிப் போனாள்.

"சார், டிரயல் ரூம் அங்கிட்டு இருக்கு சார்."

"அங்க போயி கண்ணாடிய பாத்துக்கிட்டு நிக்கவாம்மா? டவுசரு நிக்கிறதுக்கில்ல, உக்கார்றதுக்கு!"

"எல்லாரும் பாக்குறாங்க சார்."

"பாக்கட்டும். கத்துக்கட்டும்."

கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்த ஒரு குடும்பமே சேலையைக் கீழே போட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல கர்சீப் செக்ஷனில் போய் நின்றுகொண்டேன். சார் விடவில்லை. "தம்பி, நீயும் வந்து உக்காந்து பாரு!" என்று கடை அதிரக் கூப்பிட்டார். அப்படித்தான் என் முதல் டவுசரை அவர் தேர்ந்தெடுத்தார். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் வேறு யாரும் எனக்கு அவ்வளவு அக்கறையாக எதையும் தேர்ந்தெடுத்ததில்லை.

கடையில் தேறினால் போதாது. வீட்டுக்கு வந்ததும் ஊருணியில் முக்கி எடுத்து, போட்டுக்கொண்டே டீக்கடைக்கு வருவார். டீ குடித்து முடிப்பதற்குள் காய வேண்டும். காயாவிட்டால் பெஞ்சில் ஈரத் தடம் இருக்கும், டீக்கடைக்காரர் திட்டுவார். அடுத்தது சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஒரு நடை. கடைசியாகத்தான் பாறை. கோயில் இல்லாத பக்கமாக ஒரு சரிவைப் பிடித்து, மேலே உட்கார்ந்து, "முருகா!" என்று கையை விட்டுவிடுவார். கீழே வந்து சேர்ந்ததும் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார்.

"கிழிஞ்சுச்சா பாரு."

"கிழியல சார்."

இந்த இரண்டு வரிகளைச் சொல்வதற்காகவே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் போயிருக்கிறேன். பிறகு நானும் வழுக்கப் பழகிக்கொண்டேன். ஆள் பார்த்துச் சிரிக்காத இடமாக இருந்தால் அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், தேன்மொழி ஓசூரில் கூட வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனும் நம் மாவட்டம்தான். கீரனூர் தாண்டி ரொம்ப தூரத்தில் ஒரு கிராமம். அப்பா கருப்பையா விவசாயி. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். செவலை என்று பெயர் வைத்த அந்தக் காளையை எந்த வாடிவாசலிலும் ஒருத்தனும் பிடித்ததில்லை என்பதில் அந்தக் குடும்பத்துக்கே ஒரு மிதப்பு. பெண்ணின் போட்டோவைப் பார்த்து எல்லோரும் சரி என்றார்கள். கருப்பையா மட்டும் நம் தெருவில் விசாரித்துவிட்டு, இடையில் பேசியவரிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல ஒண்ணும் கொறையில்ல. அப்பாரு ஏன் பாறையில சறுக்குறாரு?"

டவுசரைச் சோதிக்கிறார் என்ற பதில் அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில் கருப்பையா, பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற நாள் வரைக்கும் பெண்ணின் அப்பா டவுசரோடு எங்கும் தட்டுப்படக் கூடாது, அப்படி யார் கண்ணிலாவது பட்டால் பேச்சு அதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். சாரின் வீட்டம்மா செல்வி அக்கா, இருந்த டவுசர் அத்தனையையும் மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டார். தேன்மொழி போன் போட்டாள். "அப்பா, ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா..." என்று ஆரம்பித்தாள். சார் முடிக்க விடவில்லை. "எனக்கென்னடா கஷ்டம்? வேட்டியிலயும் மிதிக்கலாம்" என்றார்.

மிதித்தார். தெருமுனையிலேயே வேட்டி செயினுக்குள் போய்விட்டது. சைக்கிளோடு சைக்கிளாக அவரைக் கட்டிப் போட்டதுபோல நடுரோட்டில் நின்றவரை, கத்தரிக்கோல் கொண்டு போய் நான்தான் விடுவித்தேன். அன்றிலிருந்து சைக்கிளைத் தொடவில்லை. சாயங்காலம் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் பேன்ட் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர் இளைத்தே போனார். டவுசர் கழன்றுவிட்டதா சார் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்த தெருப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒரு பார்சல் வந்தது. முன்பு எப்போதோ ஆர்டர் பண்ணியிருந்த டவுசர். சாம்பல் நிறம், ஜிப் வைத்த பாக்கெட், கையில் எடுத்தால் தார்ப்பாய் மாதிரி கனம். செல்வி அக்கா கண்ணில் படாமல் அதை என் கடையில் வந்து பிரித்தார். தடவிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு சறுக்கு தம்பி. விடியக்காலையில போயி, வெயிலு வாரதுக்குள்ள வந்துருவோம். நார்த்தாமலையில நம்மள யாரு பாக்கப் போறா?"

"சார், தேனு கல்யாணம் சார்."

"கருப்பையா ஊரு எங்கிட்டுக் கெடக்கு, நார்த்தாமலை எங்கிட்டுக் கெடக்கு?"

கணக்கு சரிதான். மாதத்தைத்தான் மறந்துவிட்டார். மார்கழியில் நம் மாவட்டத்தில் காளை வைத்திருப்பவர்கள் யாரும் தங்கள் ஊரில் இருப்பதில்லை. பொங்கலுக்குக் காளையைத் தயார் பண்ண வேண்டும். நீச்சல் விட வேண்டும், கொம்பால் மண்ணைக் குத்த விட வேண்டும், பையன்களை நிறுத்திப் பாயவிட வேண்டும். எந்தக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதோ அங்கே காளையை ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் கருப்பையா ஊர்க் கண்மாய் வறண்டு கிடந்தது. நார்த்தாமலைக்குப் பின்னால் இருந்த கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

ஆளுக்கொரு சைக்கிள். சார் பேன்ட்டில் கிளம்பி, ஊர் தாண்டியதும் ஒரு புதர் மறைவில் டவுசருக்கு மாறினார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. சரிவில் ஒரு சறுக்கு. கிழியவில்லை. அத்தோடு திரும்பியிருக்கலாம். "கண்மாய்க்கரை வழியா ஒரு ரவுண்டு" என்றார்.

கரை திரும்பியதும் எதிரே நின்றது செவலை. குளித்து ஈரம் சொட்ட, கழுத்தில் கயிறு இல்லாமல் நின்றது. அப்பால் இளவட்டப் பையன்கள் ஒரு கூட்டம். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பாறை மேல் நின்றேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள், பிறகு ஒருநாள் வெறுமனே ஏறிப் பார்த்தேன், முடியவில்லை. சார் சைக்கிளை நிறுத்தத்தான் பார்த்தார். அதற்குள் காளை வந்து இடித்து, கொம்பு நேராக, ஜிப் போட மறந்த டவுசர் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

வேறு டவுசராக இருந்தால் பாக்கெட் கிழிந்து, மனிதர் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார். இது சார் தேர்ந்தெடுத்த டவுசர். கிழியவில்லை. காளை ஓடியது, கொம்போடு சாரும் ஓடினார். விழுந்துவிடாமல் இருக்கத் திமிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கரையோரமாக ஒரு சுற்று, புதரைத் தாண்டி ஒரு துள்ளல். பையன்கள் விசிலடித்தார்கள். அத்தனை தூசிக்கு நடுவிலும் சாரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தம்பி! கிழியல! கிழியல தம்பி!"

"டேய் செவலை, நில்லுடா!" என்று ஒரு குரல் வந்தது. காளை பெட்டிப்பாம்பாக நின்றது. துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் வந்து, முதலில் காளையின் கொம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கொம்பில் மாட்டியிருந்த மனிதரை விடுவித்தார். முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... தேன்மொழிப் பொண்ணோட அப்பாவா?"

சார் கால்முட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்த மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பேச்சு முறிந்தது என்றே நினைத்தேன்.

பையன்கள் வேறு நேரம் காலம் தெரியாமல் கத்தினார்கள். "மாமா, ஒங்க செவலையப் பிடிச்சுட்டாரு! டவுசர்காரரு பிடிச்சுட்டாரு!"

கருப்பையாவின் முகம் இறுகிப் போனது. யாரும் தொடாத காளை. ஆமாம் என்று சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே மாவட்டம் முழுக்க அவர் வீரர். சார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் எங்கங்க பிடிச்சேன்? மாட்டிக்கிட்டேன். அது நின்னிருக்காட்டி நான் போயிருப்பேன். ஒங்க மாட்டை எவனாலயும் பிடிக்க முடியாதுங்க." பிறகு அழுகிற குரலில் சொன்னார். "எம்மக மேல ஒரு தப்பும் இல்லீங்க. டவுசரு எம்புத்தி. அதுக்காக அவளை வேணாம்னுறாதீங்க."

கருப்பையா கிட்டே வந்தார். குனிந்து அந்த பாக்கெட்டை விரலால் பிடித்து இழுத்தார். திரும்பவும் இழுத்தார்.

"நானும் இம்புட்டு வருசமா மாடு வச்சிருக்கேன். செவலை கொம்பு பட்டும் நூலாப் போகாத துணிய இன்னிக்குத்தான் பாக்குறேன். இது எங்க கெடைக்கிது?"

சார் நிமிர்ந்தார். கருப்பையாவைக் கரையில் உட்காரவைத்து, பஞ்சு, தையல், இடுப்பு என்று ஒன்றுவிடாமல் விளக்க ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது கருப்பையா எழுந்தார். "பூ வைக்க நாங்க வரும்போது வேட்டியில நில்லுங்க, அது எங்க ஊரு மரியாதை" என்றார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பிப் பார்த்தார். "நம்ம பயலுகளுக்கும் இதே மாதிரி பாத்துக் குடுங்க சம்பந்தி. பொங்கலுக்கு மாடு பிடிக்கிறவனெல்லாம் டவுசரு கிழிஞ்சு நிக்கிறான்."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் சார் அழுதேவிட்டார். பொங்கலுக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நார்த்தாமலைச் சரிவில் மாடுபிடிப் பையன்கள் வரிசையாக "முருகா!" என்று சறுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கருப்பையா கீழே நின்று கிழிந்ததா என்று பார்த்தார்.

மாட்டை அடக்கினவனுக்குப் பெண் என்பார்கள். எங்கள் தெருவில் மாட்டிடம் மாட்டிக்கொண்டவருக்கு மாப்பிள்ளை கிடைத்தார். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பேத்தி பிறந்தாள். சார் ரிட்டயரானார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தேன்மொழி கூப்பிட்டாள். மகள் சொல்லைத் தட்டாதவர் செல்வி அக்காவோடு ஓசூருக்குக் கிளம்பிவிட்டார். எந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேனோ, அதுவே அவரைக் கொண்டு போய்விட்டது. கிளம்புகிற அன்று மஞ்சள் பையை சீட்டோடு என் கையில் கொடுத்து, "உக்காந்து பாக்காம வாங்கிறாத" என்றார்.

போன மாதம் டவுசர் வாங்கப் போனேன். சீட்டை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்து மிதித்தேன். அதே கடைப் பெண்தான். இந்தத் தடவை பதறவில்லை. "பெரியவரு வரலையா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக நார்த்தாமலைக்குப் போய், அந்தச் சரிவில் உட்கார்ந்து கையை விட்டேன். கீழே வந்து எழுந்து, பழக்கத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றுவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. கையால் தடவிப் பார்த்துக்கொண்டு ஓசூருக்குப் போன் போட்டேன்.

"கிழியல சார்" என்றேன்.

ஹலோ இல்லை, யார் என்றும் கேட்கவில்லை. பேத்தி அழுகிற சத்தத்துக்கு நடுவில், "எந்தப் பாறை தம்பி?" என்றார்.

நம்ம பாறைதான் சார் என்று சொல்ல வேண்டும். போனைக் காதில் வைத்தபடியே அந்தச் சரிவில் மறுபடி ஏற ஆரம்பித்தேன். அவரும் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.