நெட்டுக்கு மோட்டார் போட்டவன் யார்?

எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரமாக, தோளில் துணிப்பையோடு திருவொற்றியூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், ராயபுரத்தில், ஒரு தெரு முழுக்க டிவி ஓடவில்லை. கிரிக்கெட் கடைசி ஓவரோடு நின்றுபோனது. நிறுத்தியவன் நான்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.) மணலியில் டேங்கர் லாரி கழுவி, அத்திப்பட்டில் சாம்பல் அள்ளி, கடைசியில் ராயபுரத்து அண்ணாச்சி ஒருவரின் பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்தேன். படுக்கை டேவிட் மாஸ்டரின் பாக்ஸிங் கிளப்பில். வாடகை கிடையாது. அந்த நன்றியில் வாயை விட்டேன்.

"மாஸ்டர், நம்ம கேபிள்ல வராத அந்த வெளிநாட்டு ஃபைட்ட டோரன்ட்ல எறக்கி, ஞாயித்துக்கெழம சாயங்காலம் சிடிய கைல குடுக்கறேன்."

"சொல்லிட்ட. பசங்கள வரச் சொல்லிடுவேன். வரலன்னா நீயும் வராத" என்றார்.

டோரன்ட் என்றால், ஊர் உலகத்தில் எவனெவனிடமோ இருக்கும் ஃபைலைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டுவது. துண்டுகள் வரவில்லை. மெயில் பறந்தது, டோரன்ட் மட்டும் நொண்டியது. நெட் கம்பெனிக்கு ஃபோன் செய்தால், "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் ஒரு பெண். லைன் நன்றாக இருந்தும் வரவில்லையென்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். குழாயில் தண்ணீர் நூலாக வந்தால், எவனோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான். ஆளைப் பிடிக்க வேண்டியதுதான்.

ஞாயிறு சாயங்காலம் கட்டிங் பிளேயரோடு சென்டரின் மொட்டைமாடி ஏறினேன். நெட் ஒயரைப் பார்த்துக்கொண்டே மாடி மாடியாகத் தாவினேன். மாஸ்டர் வீட்டு மாடியில் ஒரு பெட்டி. அதிலிருந்து தடியாக ஒரு ஒயர் இறங்கியது. (மாஸ்டரே திருடனா என்று ஒரு கணம் மனம் கசந்தது.) வெட்டினேன்.

என் சிடிக்காகக் கீழே மாஸ்டர் வீட்டு டிவி முன்னால் காத்திருந்த கிளப் மொத்தமும் அதுவரை கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எவன்டா அது மாடில!"

கேபிள்காரர் வந்து பார்த்தார். என் விளக்கத்தைக் கேட்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னா நைனா, நெட்டுக்கு மோட்டாரா? டோரன்ட் ஸ்பீட மட்டும் நெட் கம்பெனியே அமுக்கி வெச்சிக்கீது. மெயில் ஓடுதுல்ல? அப்பவே தெரிய வாணாமா? நீ வெட்டுனது தெருவோட டிவி லைனு. நாளைக்குத்தான் சரியாவும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும், "சிடி எங்க?" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

திருவொற்றியூர் தேரடி அருகே கிளப் பையன் சேகர் ஸ்கூட்டரில் வந்து மறித்தான். "ஏறு மாமு. மாஸ்டர் இட்டாரச் சொன்னாரு."

"அடிப்பாரா?"

"சேச்சே, அவுரு அடிக்க மாட்டாரு."

அந்த 'அவுரு'வில் இருந்த அழுத்தத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

"பட்த்துக்கோ" என்றார் மாஸ்டர், கிளப் வாசலில் நின்று. "பசங்க ஃபைட்டு பாக்கணும்னு ஆசையா வந்தானுங்கோ. காலைல வேல கீது."

இன்றைக்கும் எனக்குக் குழம்பு ஊற்றும்போது என் மனைவி ஒரு கேள்வி கேட்பாள். அது மறுநாள் காலை கிளப்பில் பிறந்தது. இரண்டு கைகளிலும் தோல் பேடு மாட்டி என்னை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். குத்து வாங்கும் வேலை, சம்பளம் தூங்க இடம். எதிரே பையன்கள் வரிசையாக நின்றார்கள். முதலாமவன் ஓங்கி ஒன்று விட்டான். நான் சுவரில் போய் ஒட்டிக்கொண்டேன். அவன் மரியாதையாகக் கேட்டான்:

"ஸ்பீடு போதுமாணா? இல்ல, கம்பெனில சொல்லி ஏத்தி வுடட்டா?"