சிக்னல் அண்ணாத்தேயும் என் ஸ்கூட்டரும்

கோயில் பிராகாரத்தின் நான்கு மூலையிலும் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டுத் திரும்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் திருமுல்லைவாயில் கோயிலில் அப்படி நீட்டிய கையில் யாரோ சுண்டலை வைத்துவிட்டார்கள். நின்று நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். மறுபடியும் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் திரும்பினார்.

ஆவடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வண்டிப் பிரிவு டிரைவர் அவர். வீடு அண்ணனூர். சம்பளப் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சிக்னல் அண்ணாத்தே. கல்யாணப் பந்தியில் இலையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால்கூட வலது பக்கத்துக்காரருக்குக் கை காட்டுவார். பரிமாறுகிறவர்கள் அண்ணாத்தே ஏதோ கேட்கிறார் என்று நினைத்து இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிடுவார்கள். அதையும் குடித்துவிட்டு மறுபடி கை காட்டுவார்.

எண்பதுகளின் கடைசியில் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. இருசக்கர வண்டி வைத்திருப்பவர்கள் ஆறு ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்புப் பயிற்சிக்கு வரவேண்டும். சான்றிதழ் இல்லாத வண்டி கேட்டுக்குள் வரக்கூடாது. பயிற்சி கொடுப்பவர், வேறு யார், அண்ணாத்தேதான்.

என் மனைவிக்கு அப்போதுதான் நசரத்பேட்டையில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. காலையில் அவளை ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏற்றிவிட்டு, சைரன் ஊதுவதற்குள் நான் உள்ளே போகவேண்டும். கேட்டிலிருந்து என் செக்‌ஷனுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஸ்கூட்டரை வெளியே விட்டு நடந்தால் தினமும் லேட். என்னை விட்டால் அவளைக் கொண்டுபோய் விட ஆளும் கிடையாது.

"ஏங்க, நான் வேணா வேலைய விட்டுடட்டுமா?" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அமைதியாகக் கேட்டாள்.

முதல் ஞாயிறு மைதானத்தில் பதினோரு புல்லட்டுகள், ஒரே ஒரு ஸ்கூட்டர். மற்ற ஸ்கூட்டர்காரர்கள் விவரமாகச் சைக்கிளுக்கு மாறியிருந்தார்கள். அண்ணாத்தே என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? பீரோவுக்குச் சக்கரம் மாட்டிக்கினு வந்துகீறே?"

முதல் பாடம், இரண்டு தொடையாலும் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்து உட்காருவது. நான் கை தூக்கினேன்.

"அண்ணே, எனக்கு அந்த எடத்துல டேங்க் இல்லையே."

"பாடம்னா பாடம்தான். எதுனா ஒண்ண புடி."

அடுத்த ஞாயிறு வீட்டிலிருந்து காலி கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோய், கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு தொடையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். புல்லட்காரர்கள் சிரித்தார்கள். அண்ணாத்தே சிரிக்கவில்லை.

"இப்ப பாரு, முதுகு எப்டி நேரா கீது! சிரிக்கிறவன்லாம் இவர பாத்துக் கத்துக்கோ."

மூன்றாவது ஞாயிறுதான் வினை. அந்தக் கால புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஸ்கூட்டரில் வலது காலில் பிரேக். எல்லோரும் வரிசையாக வரும்போது அண்ணாத்தே விசிலடித்து, "வலது காலை அழுத்து! ரெண்டாவது கியர்!" என்று கத்தினார். நான் சொல்பேச்சு கேட்கிற ஆள், அழுத்தினேன். ஸ்கூட்டர் நட்டுவைத்த கல்லாக நின்றது. பின்னால் வந்த மூன்று புல்லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக என் ஸ்டெப்னியில் வந்து சேர்ந்தன. சிலிண்டர் உருண்டு ஓடியது. யாருக்கும் அடியில்லை. அண்ணாத்தே நோட்டை எடுத்து எழுதினார்: ஸ்கூட்டர், பெயில்.

நான்காவது, ஐந்தாவது ஞாயிறும் அதே கதி. ஆறாவது ஞாயிறு பரீட்சை. பதினோரு பேரும் எட்டு போட்டுத் தேறிவிட்டார்கள். என் முறை வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, ஒரு தடவ நீங்க இதுல எட்டு போட்டுக் காட்டுங்க. அப்படியே போடறேன்."

அண்ணாத்தே ஸ்கூட்டரில் ஏறினார். கையில் கியரைத் திருகியதும் வண்டி குதித்துக் கிளம்பியது. இடது காலால் பிரேக்கைத் தேடினார். அங்கே வெறும் தகரம். மிதி மிதியென்று மிதித்துக்கொண்டே நேராகக் கருவேல முள்ளை நோக்கிப் போனார். உள்ளே புகுவதற்கு முன் முறைப்படி வலது கையைச் சுழற்றி, இடப்பக்கம் திரும்புவதாகச் சிக்னல் காட்டினார். முன்பிரேக் இருந்தது அந்தக் கையில்தான்.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வெளியே வந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன். "நாளைக்கு பாஸானவங்க லிஸ்ட் போகுதுண்ணே. சும்மா ஒரு கையெழுத்து போட்டுடுங்க. யாரு பாக்கப் போறா?"

"எனுக்கே ஓட்டத் தெரியாத வண்டிக்கு நா எப்டி நைனா கையெழுத்து போட்றது? உன் ஊட்டுக்காரம்மா பின்னாடி குந்திகினு வர்றாங்க இல்ல?"

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். தவறு செய்தேன் என்று அதுவரை யாரிடமும் சொல்லாத மனிதர்.

"சார், இவுரு பெயில் இல்ல. நாந்தான் பெயில். எனுக்கு ஸ்கூட்டர் தெரியாது. தெரியாமயே ஆறு வாரம் இவுர அதட்டிகீறேன். ஒரு வாரம் டைம் குடுங்க, அதுவரிக்கும் இவுரு வண்டிய உள்ள உடுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்று தலையாட்டினார்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் நான் வாத்தியார், அவர் மாணவர். நோட்டில் குறிப்பெடுத்தார். என்னை "சார்" என்று கூப்பிட்டார். கால் பிரேக்கை மறந்தபோது அதட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை துளிகூடப் பிசகாமல் எட்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி "நைனா" ஆனேன். நிறுத்துவதற்கு முன் சிக்னல் காட்டவில்லை என்று முதல் தடவை பெயில் போட்டார். இரண்டாம் தடவை பாஸ். கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

என் மனைவி ரிட்டயர் ஆகும் வரை அந்தப் பூந்தமல்லி பஸ்ஸில்தான் போனாள். வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். எனக்காகத் தன்னையே பெயிலாக்கிக்கொண்ட வாத்தியார் இவர் ஒருவர்தான். அவர் நினைவு வந்தால் முதலில் எனக்குச் சிரிப்புதான் வரும். சிரித்து முடித்ததும் எழுந்துபோய், அவர் கையெழுத்துப் போட்ட அந்தச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன்.